மருந்தால் வரும் பாதிப்பை மூலிகை தடுக்குமா? ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி ஓர் எளிய விளக்கம்

"மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கல்லீரல் கெட்டுப்போகும். கூடவே இந்த மூலிகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது, நச்சையெல்லாம் வெளியேற்றிவிடும்."

இந்தப் பேச்சு எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். முதல் வாக்கியத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டாவது, போதிய ஆதாரம் இல்லாமல் தரப்படும் அறிவுரை. மூன்றாவது, உடலுக்குள் நடப்பதைப் பெரும்பாலும் தவறாகச் சொல்கிறது. மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் எது உண்மை, எது ஊகம் என்று கேட்பவருக்குப் பிரித்தறிய முடிவதில்லை. அதன் விளைவாகச் சிலர் பயந்து தேவையான மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் மூலிகை காக்கும் என்ற தைரியத்தில் மருந்தின் அளவை மீறுகிறார்கள். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. அதனால் அடிப்படையிலிருந்து, நிதானமாகப் பார்ப்போம்.

## மருந்து ஏன் உறுப்பைத் தாக்குகிறது?

நாம் விழுங்கும் எந்த மருந்தும் உடலுக்கு அந்நியப் பொருள்தான். வேலை முடிந்ததும் அது வெளியேற வேண்டும். ஆனால் பல மருந்துகள் கொழுப்பில் கரைபவை. அவை அப்படியே சிறுநீரில் போய்விடாது. ஆகவே கல்லீரல் அவற்றை நீரில் கரையும் பொருளாக மாற்றி அனுப்புகிறது. இந்த மாற்றத்தைச் செய்பவை நொதிகள், அதாவது உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். மருந்துகளைக் கையாளும் நொதிகளில் ஒரு பெரிய குடும்பத்துக்கு சைட்டோகுரோம் பி450 என்று பெயர். பெயரை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெரும்பாலான மருந்துகளில் இந்த மாற்றம் அமைதியாக நடந்து முடிகிறது. சிலவற்றில் மட்டும், மாற்றம் நடக்கும் வழியில் மருந்தைவிடத் தீவிரமான ஓர் இடைப்பொருள் பிறக்கிறது. அது அருகிலுள்ள புரதம், கொழுப்பு, டிஎன்ஏ எதன்மீதும் ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் அடிக்கடி பாதிக்கப்படுவதற்கு முக்கியக் காரணம், அந்த இடைப்பொருள் பிறக்கும் இடமே அதுதான் என்பது.

மற்ற உறுப்புகளுக்கு வேறு காரணங்கள் உண்டு. புற்றுநோய்க்குத் தரப்படும் சிஸ்பிளாட்டினும் ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் சிறுநீரகத்தின் நுண்குழாய் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டு அங்கே செறிவாகச் சேர்கின்றன. இதயத் தசை செல்கள் கெட்டால் ஏறக்குறைய புதுப்பிக்கப்படுவதே இல்லை. எனவே அங்கே சிறிய சேதமும் தங்கிவிடும்.

இன்னொரு வேறுபாட்டை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழப்பம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. மருந்தால் வரும் பாதிப்பு இரண்டு வகை. ஒன்று, அளவைப் பொறுத்தது: அளவு மீறினால் யாருக்கும் வரும், எதிர்பார்க்கக்கூடியது. மற்றது, ஆளைப் பொறுத்தது: சரியான அளவில் சாப்பிட்டாலும் மிகச் சிலருக்கு, அவர்களுடைய மரபணு அமைப்பாலோ நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகக் கிளம்புவதாலோ வருகிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றிய அறிவியல் பெரும்பாலும் முதல் வகையைச் சுற்றியே வளர்ந்தது. இரண்டாவது வகையில் அதற்குப் பெரிய பங்கு இருப்பதாக நல்ல ஆதாரம் இல்லை.

சுருக்கமாக: மருந்தை மாற்றும் வழியில் பிறக்கும் இடைப்பொருளோ, ஓர் உறுப்பில் மருந்து அளவுக்கு மேல் சேர்வதோ, உடல் அதற்கு எதிராகக் கிளம்புவதோதான் சேதத்துக்குக் காரணம். ஆண்டுக்கணக்கில் நச்சு தேங்கிக் கிடக்கிறது என்ற பொதுவான கற்பனை இதில் எதையும் விளக்காது.

## பாரசிட்டமால் கற்றுத் தந்த பாடம்

இந்தத் துறையில் மிக நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்ட மருந்து பாரசிட்டமால்தான். காய்ச்சலுக்கும் வலிக்கும் எல்லோரும் எடுப்பது. சரியான அளவில் மிகவும் பாதுகாப்பானது. அளவு மீறினால் கல்லீரலையே செயலிழக்கச் செய்யக்கூடியது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திடீர்க் கல்லீரல் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம் இதுவே.

நாம் சாப்பிடும் பாரசிட்டமாலில் மிகப் பெரும்பகுதி, சர்க்கரை சார்ந்த ஒரு மூலக்கூறோடும் சல்பேட்டோடும் இணைக்கப்பட்டு, தீங்கில்லாமல் சிறுநீரில் போய்விடுகிறது. சுமார் 5 முதல் 10 சதவீதம் மட்டும் சைட்டோகுரோம் பி450 நொதிகளிடம் சிக்கி, நாப்கி என்ற தீவிரமான இடைப்பொருளாகிறது. இந்த நாப்கியைச் சமாளிக்க ஒவ்வொரு கல்லீரல் செல்லிலும் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு நிறைய இருக்கிறது. மூன்று அமினோ அமிலங்களால் ஆனது. நாப்கி பிறந்ததும் குளூட்டாதயோன் அதைப் பிடித்துத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். அத்தோடு அதன் தீங்கு ஒழிந்தது.

ஒரு வெல்டிங் பட்டறையை நினைத்துப் பாருங்கள். வேலை நடந்தால் தீப்பொறி பறக்கத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. பொறி விழும் இடத்திலெல்லாம் மணல் வாளிகளை வைத்திருப்பார்கள். பொறி விழ விழ மணலை அள்ளிப் போட்டு அணைப்பார்கள். ஒரு நாளின் வேலைக்கு அந்த மணல் போதும். பத்து நாள் வேலையை ஒரே இரவில் செய்தால் வாளிகள் காலியாகும். அதற்குப் பிறகு விழும் பொறிதான் பட்டறையை எரிக்கும். இங்கே வேலை என்பது மருந்தைக் கழிப்பது, பொறி நாப்கி, மணல் குளூட்டாதயோன்.

செல்லிலும் இதேதான் நடக்கிறது. குளூட்டாதயோன் சுமார் 70 சதவீதம் தீரும்வரை பெரிதாக எதுவும் தெரியாது. அதற்கு மேல் நாப்கி, செல்லுக்கு ஆற்றல் தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களைத் தாக்குகிறது. பாதிக்கப்பட்ட மைட்டோகாண்ட்ரியா கட்டுப்பாடின்றித் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்கத் தொடங்கும். கடைசியில் செல் வெடித்துச் சாகிறது. இதில் குளூட்டாதயோன் தீர்ந்ததும் இடைப்பொருள் புரதங்களில் ஒட்டுவது வரையிலான பகுதியை 1973-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜெரி மிட்செலும் உடன் ஆய்வாளர்களும் விலங்குகளில் படிப்படியாகக் காட்டினார்கள்.

அந்தக் கண்டுபிடிப்பு வெறும் விளக்கமாக நிற்கவில்லை, மாற்று மருந்தையும் தந்தது. மணல் தீர்வதுதான் பிரச்சினை என்றால் மணலை அனுப்பினால் போதும். குளூட்டாதயோன் செய்யத் தேவைப்படும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தை எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் 1970-களின் பிற்பகுதியில் நோயாளிகளுக்கு ரத்தநாளம் வழியாகக் கொடுத்தார். அளவு மீறிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகக் காக்கப்படுகிறது. நேரம் போகப் போகப் பலன் குறையும். இன்றும் உலகம் முழுவதும் மருத்துவமனைகளில் இதுவே சிகிச்சை.

மருந்தின் நச்சிலிருந்து உறுப்பைக் காப்பதற்கு மனிதரிடம் உறுதியாக நிரூபணமான மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இது. இதில் பாதுகாப்பது வெளியிலிருந்து வந்த அற்புதப் பொருள் எதுவும் அல்ல. செல்லின் சொந்தக் கையிருப்பை மீண்டும் நிரப்புகிறோம். மூலிகைகளைப் பற்றி மேற்கொண்டு படிக்கும்போது இந்த ஒன்றைக் கைவிடாமல் வைத்திருங்கள்.

## ஃப்ரீ ரேடிக்கலும் ஆன்டிஆக்ஸிடன்டும்

எலக்ட்ரான்கள் இணை இணையாக இருப்பதையே விரும்பும். இணை சேராத எலக்ட்ரானைத் தாங்கி நிற்கும் மூலக்கூறு ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும். அது பக்கத்து மூலக்கூறிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். பறிகொடுத்தது இன்னொன்றிடம் பறிக்கும். இப்படித் தொடர்வினை ஓடும். இடையில் புகுந்து, எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் தான் ஆபத்தாக மாறாமல் நிற்கும் பொருளே ஆன்டிஆக்ஸிடன்ட். தீவிர மூலக்கூறுகளின் உற்பத்தி, அவற்றைச் சமாளிக்கும் திறனை மீறும் நிலையை ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள். நாப்கி கண்டிப்பாகப் பார்த்தால் ஃப்ரீ ரேடிக்கல் அல்ல, வேறு வகைத் தீவிரப் பொருள். ஆனால் இரண்டையும் எதிர்கொள்வதில் முன்னால் நிற்பது அதே குளூட்டாதயோன்தான். அது தீர்ந்தால் இரண்டும் ஓங்கும்.

உடலுக்குச் சொந்தமாக ஆன்டிஆக்ஸிடன்ட் ஏற்பாடுகள் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் வேலையைக் கண்டறிந்தார்கள். சூப்பராக்சைடு என்ற ஃப்ரீ ரேடிக்கலை ஒழிப்பதே அதன் வேலை. ஆக, நம் செல்களில் இந்தப் பாதுகாப்பு பிறவியிலேயே அமைந்திருக்கிறது.

ஃப்ரீ ரேடிக்கல் என்றாலே எதிரி என்பதும் சரியல்ல. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றையே பயன்படுத்துகின்றன. செல்கள் தமக்குள் செய்தி அனுப்பவும் அவை தேவை. எனவே அவற்றை முற்றிலும் துடைத்தெடுப்பது நல்லதும் அல்ல, நடக்கக்கூடியதும் அல்ல.

'ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்ற நம்பிக்கை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடந்த ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வெளியானபோது, பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் அது 18 சதவீதம் கூடியிருந்தது. இதைச் சொல்வது யாரையும் பயமுறுத்த அல்ல. ஒரு பொருள் சோதனைக் குழாயில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது மனித உடலில் அது என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடாது.

## அப்படியானால் தாவரம் என்ன செய்கிறது?

தாவரங்களில் பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் ஏராளம். மஞ்சளின் குர்குமின், பச்சைத் தேயிலையின் கேட்டச்சின்கள், பல இலைகளிலும் பழங்களிலும் இருக்கும் குவெர்செட்டின் எல்லாம் இந்த வகை. சோதனைக் குழாயில் இவை ஃப்ரீ ரேடிக்கல்களை அருமையாக அடக்குகின்றன. அந்தத் திறனை அளந்து மதிப்பெண் போட்டு விளம்பரம் செய்வதும் நெடுநாள் வழக்கமாக இருந்தது. உணவுப் பொருள்களுக்கு அப்படி மதிப்பெண் தந்துவந்த அமெரிக்க வேளாண்துறை, அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொல்லி 2012-இல் அந்தப் பட்டியலைத் தன் தளத்திலிருந்து நீக்கியது.

காரணம் எளிய கணக்குதான். வாய்வழி எடுக்கும் பாலிஃபீனால்களில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் உடனே மாற்றப்பட்டுவிடுகிறது. மிஞ்சி ரத்தத்தில் உலவுவது மிகக் குறைவு. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு அதிகம். கைப்பிடி மணலைக் கொண்டுவந்து நிரம்பிய வாளிகளோடு சேர்ப்பதால் பட்டறையின் நிலைமை மாறாது. ஆக, தாவரப் பொருள் நேரடியாகப் போய் ஃப்ரீ ரேடிக்கலை அணைக்கிறது என்ற பிரபலமான விளக்கம் அளவுக் கணக்கிலேயே தடுமாறுகிறது.

ஆனால் பல விலங்குச் சோதனைகளில் பாதுகாப்பு உண்மையாகவே தெரிகிறது. அது எப்படி? விடையின் முக்கியப் பகுதி 1990-களின் இறுதியில் ஜப்பானில் மசாயுகி யமமோட்டோவின் ஆய்வுக் குழுவிடமிருந்து வந்தது. செல்லுக்குள் நெர்ஃப்-2 என்று அழைக்கப்படும் ஒரு புரதம் இருக்கிறது. சாதாரண நேரத்தில் கீப்-1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து வைத்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எரிச்சலூட்டும் ஒரு வேதிப்பொருள் உள்ளே நுழைந்து கீப்-1-இன் சில இடங்களில் ஒட்டினால் அதன் பிடி தளர்கிறது. விடுபட்ட நெர்ஃப்-2 செல்லின் உட்கருவுக்குப் போய், பாதுகாப்பு மரபணுக்களை இயக்கிவைக்கிறது. குளூட்டாதயோன் தயாரிக்கும் நொதிகள் கூடுகின்றன, தீவிரப் பொருள்களை அடக்கும் நொதிகளும் கூடுகின்றன.

இதில் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. குர்குமின், பிராக்கோலியின் சல்ஃபோரஃபேன் போன்ற தாவரப் பொருள்கள் நெர்ஃப்-2-ஐ எழுப்புவது அவை சாந்தமானவை என்பதால் அல்ல. செல்லின் பார்வையில் அவை லேசான தொந்தரவு. தாவரங்கள் பூச்சிகளையும் மேயும் விலங்குகளையும் விரட்டத் தயாரிக்கும் பொருள்கள் இவற்றில் நிறைய உண்டு. அந்த லேசான தொந்தரவைக் கண்டு செல் விழித்துக்கொண்டு தன் பாதுகாப்பைக் கூட்டுகிறது. பட்டறைக் கணக்கில், மூலிகை மணலைக் கொண்டுவருவதில்லை. எச்சரிக்கை மணியை அடிக்கிறது. மணலை ஏற்பாடு செய்வது பட்டறைக்காரர்தான்.

இந்த ஒரு மாற்றத்தை மனத்தில் ஏற்றினால் பல கேள்விகளுக்கு விடை தானே வரும். மணி அடித்த உடனே மணல் வந்துவிடாது. மரபணு இயங்கிப் புரதம் உருவாகச் சில மணி நேரம் வேண்டும். எனவே முன்கூட்டியே கொடுத்தால் பலன் தெரியலாம், தீ பற்றிய பிறகு தெரியாமல் போகலாம். லேசான தொந்தரவு அளவு கூடினால் கடும் தொந்தரவாகவும் மாறலாம். ஒரே செடி குறைந்த அளவில் காப்பதும் செறிவான அளவில் தாக்குவதும் இதனால்தான் முரண்பாடு அல்ல.

## எலியில் காத்தது மனிதரில் காக்குமா?

'ஆய்வில் நிரூபணம்' என்று வரும் செய்திகளில் மிகப் பெரும்பாலானவை எலி, சுண்டெலி ஆய்வுகள். அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஒரு கூட்டத்துக்குச் சில நாள் மூலிகைச் சாறு கொடுப்பார்கள். பிறகு பாரசிட்டமாலோ சிஸ்பிளாட்டினோ பெரிய அளவில் கொடுப்பார்கள். ரத்தத்தில் ஏஎல்டி என்ற நொதியை அளப்பார்கள். கல்லீரல் செல் உடைந்தால் அது ரத்தத்தில் கசியும், எனவே சேதத்தின் அடையாளம். மூலிகை கொடுத்த கூட்டத்தில் ஏஎல்டி குறைவாக இருந்தால் 'கல்லீரலைக் காத்தது' என்று முடிவெழுதுவார்கள்.

இந்த முடிவில் இருக்கும் ஓட்டை முக்கியமானது. பாரசிட்டமால் தானாக நஞ்சல்ல; சைட்டோகுரோம் பி450 அதை நாப்கியாக மாற்றினால்தான் நஞ்சு. மூலிகைச் சாறு அந்த நொதியைத் தடுத்துவிட்டால் நாப்கியே குறைவாகத்தான் பிறக்கும். சேதமும் குறையும். ஆய்வாளர் அதை ஆன்டிஆக்ஸிடன்ட் பாதுகாப்பு என்று எழுதிவிடுவார். உண்மையில் அங்கே மணலும் கூடவில்லை, மணியும் அடிக்கவில்லை, வேலைதான் நின்றிருக்கிறது. தாவரப் பொருள்களைக் கரைக்கப் பயன்படும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானே இந்த நொதியைத் தடுத்து எலிகளைக் காக்கக்கூடியது. மூலிகையின் பெருமை சில ஆய்வுகளில் கரைப்பானின் வேலையாக இருந்திருக்கலாம் என்று இத்துறையின் நச்சியல் அறிஞர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

அளவும் ஒரு பிரச்சினை. எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் சாறு என்பது இத்தகைய ஆய்வுகளில் சகஜம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற வழக்கமாகச் சுமார் 6-ஆல் வகுப்பார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறக்குறைய 4 கிராம் வரும். அதுவும் வெறும் இலைப்பொடி அல்ல, பல மடங்கு தாவரத்திலிருந்து பிரித்த செறிவான சாறு.

இதற்காக எலி ஆய்வுகள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பாரசிட்டமாலின் மாற்று மருந்தே விலங்கு ஆய்விலிருந்து பிறந்ததுதான். ஆனால் மிட்செல் குழு செய்தது இயக்கத்தைத் தேடிய ஆய்வு. எத்தனையோ மூலிகை ஆய்வுகள் ஏஎல்டி குறைந்ததோடு நின்றுவிடுகின்றன. இத்துறைக்கு இன்று தேவை இன்னொரு செடியின் பெயர் அல்ல, இந்த வேறுபாட்டைக் கவனிக்கும் பொறுமை.

## மனிதரிடம் சோதித்தபோது

கல்லீரல் மூலிகை என்று உலக அளவில் அதிகம் ஆராயப்பட்டது மில்க் திஸில் என்ற முள்செடி. அதன் விதையிலிருந்து எடுக்கும் கலவைக்கு சைலிமரின் என்று பெயர், அதில் முதன்மையானது சிலிபினின். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) நோயாளிகள் 154 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிட அதிக அளவு சைலிமரின் கொடுத்தும் வெற்று மாத்திரையைவிட ஏஎல்டி குறையவில்லை. காசநோய் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வுகள் முரண்பட்ட முடிவுகளையே தந்தன.

ஆனால் அதே சிலிபினின் ரத்தநாளம் வழியாக, மரணத் தொப்பி என்று பெயர் பெற்ற அமனிட்டா ஃபல்லாய்டிஸ் என்ற நச்சுக் காளானைத் தின்றவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் கொடுக்கப்படுகிறது. அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம் ஆன்டிஆக்ஸிடன்ட் குணம் அல்ல. காளானின் நச்சைக் கல்லீரல் செல்லுக்குள் ஏற்றிச் செல்லும் புரதத்தை அது அடைத்துவிடுகிறது. ஒரு தாவரப் பொருள் பயன்படுவது உண்மையாக இருக்கலாம், அதற்குச் சொல்லப்படும் காரணம் வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கீழாநெல்லி பற்றியும் சொல்ல வேண்டும். அதைப் பற்றிய பெயர்பெற்ற ஆய்வு மருந்துப் பாதிப்பைப் பற்றியது அல்ல, மஞ்சள் காமாலை தரும் வைரஸைப் பற்றியது. 1988-இல் மெட்ராஸைச் சேர்ந்த தியாகராஜன் குழுவும் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வில், ஹெபடைட்டிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரிடம் வைரஸின் மேற்பரப்புப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவரிடம்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு பிற இடங்களில் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. முதல் ஆய்வு பொய் என்று இதற்குப் பொருள் அல்ல. செடியின் வகை, விளைந்த மண், சாறெடுத்த முறை எதுவும் மாறலாம். ஒரு மருந்தாக நம்ப வேண்டுமானால் அந்த மாற்றங்களைத் தாண்டியும் பலன் நிற்க வேண்டும்.

## இதயமும் சிறுநீரகமும்

டாக்சோரூபிசின் பல புற்றுநோய்களுக்கு உயிர்காக்கும் மருந்து. மொத்த அளவு கூடக் கூட இதயத் தசையைப் பலவீனமாக்கும். பல பத்தாண்டுகளாக இதற்கு ஃப்ரீ ரேடிக்கல்தான் காரணம் என்று கருதப்பட்டது. எனவே வைட்டமின் ஈ, என்-அசிட்டைல்சிஸ்டீன் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்களை மனிதரிடம் சோதித்தார்கள். எதிர்பார்த்த பாதுகாப்பு கிடைக்கவில்லை. 2012-இல் எட்வர்ட் யே குழு, சுண்டெலியின் இதய செல்களில் டிஎன்ஏ முறுக்கைச் சீராக்கும் ஒரு நொதியை மரபணு வழியாக நீக்கிப் பார்த்தது. இதயம் காக்கப்பட்டது. தொடக்கம் அந்த நொதியில், ஃப்ரீ ரேடிக்கல் பெரும்பாலும் பின்விளைவு என்று தெரியவந்தது. விளைவைத் துரத்தியதால்தான் அந்தச் சோதனைகள் தோற்றன என்று நினைக்கிறேன்.

புற்றுநோய் மருந்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. உறுப்பைக் காக்கும் பொருள் கட்டியையும் காத்துவிடக் கூடாது. நெர்ஃப்-2 ஓயாமல் இயங்கும் சில புற்றுநோய் செல்கள் மருந்துக்கு அடங்குவதில்லை. சிஸ்பிளாட்டினால் குழந்தைகளுக்கு வரும் செவித்திறன் குறைபாட்டைத் தடுக்க 2022-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட சோடியம் தயோசல்பேட்டை, சிஸ்பிளாட்டின் கொடுத்து 6 மணி நேரம் கழித்துத்தான் செலுத்துகிறார்கள். புற்றுநோயை அடிக்க மருந்துக்கு நேரம் விட வேண்டுமே! சிகிச்சைக் காலத்தில் தன்னிச்சையாக ஆன்டிஆக்ஸிடன்ட் எடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். சிஸ்பிளாட்டினிலிருந்து சிறுநீரகத்தைக் காக்க இன்றும் முதன்மையான வழி, ரத்தநாளம் வழியாகப் போதிய திரவம் ஏற்றுவதே.

## காக்கப் போன மூலிகையே தாக்கும்போது

கல்லீரல் தாவரப் பொருளையும் அந்நியப் பொருளாகவே கையாளுகிறது. பச்சைத் தேயிலைச் செறிவு மாத்திரைகளில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் அதன் முக்கிய கேட்டச்சின் சேர்ந்தால் கல்லீரல் பாதிப்பின் அடையாளங்கள் தெரிகின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் முடிவு சொன்னது. மஞ்சள் செறிவு மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரை அமெரிக்க ஆய்வு வலையமைப்பு ஒன்று பதிவு செய்திருக்கிறது, ஒருவர் இறந்தார். அவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு குறிப்பிட்ட நோய் எதிர்ப்பு மரபணு வகை இருந்தது. உணவில் சேரும் மஞ்சளைப் பற்றியது அல்ல இது. உடல் அதிகம் உறிஞ்சட்டும் என்று மிளகின் பைப்பரீன் சேர்த்துச் செய்யப்படும் மாத்திரைகளும் இவற்றில் உண்டு. பைப்பரீன், மருந்தைக் கழிக்கும் நொதிகளைத் தடுத்து வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றக்கூடியது.

எதிர்த்திசையிலும் நடக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை அதே நொதிகளைத் தூண்டிவிடும். மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவரிடம், அதை எடுத்ததால், நிராகரிப்பைத் தடுக்கத் தரப்படும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தின் அளவு சரிந்து, உடல் இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதை 2000-இல் வெளியிட்டார்கள். 1990-களில் பெல்ஜியத்தில் எடை குறைக்கத் தந்த மூலிகைக் கலவையில் ஒரு செடிக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் பழுதானது, பலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது.

## மருந்து எடுப்பவர் என்ன செய்யலாம்?

முதலில், பயத்தால் மருந்தை நிறுத்த வேண்டாம். காசநோய், வலிப்பு, புற்றுநோய் மருந்துகளை இடையில் விடுவது, வரக்கூடும் என்று அஞ்சும் பாதிப்பைவிடப் பெரிய ஆபத்து. கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தப் பரிசோதனை தருகிற பாதுகாப்பு எந்தப் பொடியிலும் கிடைக்காது.

மூலிகை எடுப்பவராக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்ற தயக்கத்தில்தான் பலர் சொல்வதில்லை. மருத்துவர்களும் அந்தத் தயக்கம் எழாதபடி கேட்க வேண்டும். முடிந்தால் பொட்டலத்தையே எடுத்துப் போய்க் காட்டுங்கள்; கலவையில் என்னென்ன இருக்கின்றன என்பது தெரிந்தால்தான் மருந்தோடு மோதுமா என்று பார்க்க முடியும்.

பாரசிட்டமால் விஷயத்தில் வயது வந்தவருக்கான உச்ச வரம்பு பொதுவாக நாளொன்றுக்கு 4 கிராம். மது அதிகம் குடிப்பவர், மெலிந்தவர், சரியாகச் சாப்பிடாதவர் ஆகியோருக்கு குளூட்டாதயோன் இருப்பே குறைவாக இருக்கலாம் என்பதால் வரம்பும் குறைவு. சளி மருந்துகள் பலவற்றில் பாரசிட்டமால் கலந்திருக்கும். பெயர் வேறு வேறாக இருப்பதால் தெரியாமலேயே இரட்டிப்பாக எடுப்பவர்கள் உண்டு. உறையைத் திருப்பிப் படியுங்கள்.

சிறுநீர் அடர்நிறமாவது, கண் மஞ்சளாவது, காரணமில்லாத அரிப்பு, வலது மேல் வயிற்றில் வலி, விடாத குமட்டல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஆனால் பாரசிட்டமாலை அளவு மீறி எடுத்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் 24 மணி நேரம் லேசான குமட்டலைத் தவிர எதுவும் தெரியாமல் இருக்கலாம், உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும், மூன்றாம் நான்காம் நாளில்தான் உச்சத்தைத் தொடும். மாற்று மருந்து முழுப் பலன் தருவதோ முதல் 8 மணி நேரத்தில். எனவே உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், கஷாயம் எதையும் முயன்று நேரத்தைக் கழிக்காமல், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.